வெள்ளைச் சேலையும் மூன்று நிமிட இசைத்தட்டும்



கடந்த சில இதழ்களாக இப்பக்கத்தில் மரணச் சான்றிதழ், காணாமற்போனோர் பதிவு, சுயதொழில் கடன், வீட்டுத் திட்டப் படிவம் என்றே எழுதி வந்தேன். படிவங்களைப் பற்றி வாசித்து நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள். எழுதிய எனக்கும் களைப்புத்தான். ஆகவே இம்மாதம் பாட்டைப் பற்றிக் கதைப்போம்.

"பஸ்ஸுல காதுல மாட்டிக்கிட்டு என்னா மிஸ் கேக்குறீங்க?" என்று கூட்டங்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் பழைய கர்நாடக இசைத்தட்டுகளைக் கேட்கிறேன். கைத்தொலைபேசியில் ஒரு சிறிய மெமரி காட் போட்டு அதில் பதிந்து வைத்திருக்கிறேன். மலையில் பாதி இடத்தில் சிக்னல் இல்லை, டேட்டாவுக்குக் காசும் வேண்டுமே.

நான் சங்கீதம் கற்றவள் அல்ல. பேராதனையில் சமூகவியல் படித்தவள். ராகத்தின் பெயரைச் சொன்னால் தலையாட்டுவேன், கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்தில் இரண்டைத்தான் சொல்வேன். எனவே இது ரசிகை ஒருத்தியின் பட்டியல் மட்டுமே. குறை கண்டால் தெரிந்தவர்கள் கடிதம் எழுதுங்கள்.

இந்த மாதம் அதிகமாகக் கேட்டது கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை. 'ஒளவையார்' படத்தில் வந்த பாட்டி என்றால் உங்கள் அம்மாமாருக்கு உடனே தெரியும். அந்தப் படம் 1953இல் வந்தது. நான் கேட்பது அதற்கும் முந்திய, நாடகக் காலத்து இசைத்தட்டுகளை. அந்தத் தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் பதிய முடியும். மேடையில் அரை மணி நேரம் பாடக்கூடியதை மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாட வேண்டும். கொழுந்து நிறுக்கிற வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். வேலை அதிகமுள்ள எங்களைப் போன்றவர்களுக்கு இது வசதிதான்.

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தவர். வறுமையான குடும்பம். சிறு பிள்ளையாக ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கிய குரல் அது. பிறகு நாடகக் கம்பனியில் சேர்ந்தார். நாடகம் நடிக்க இலங்கைக்கு வந்து இங்கே பெரும் பெயர் எடுத்தார். அக்காலத்தில் எல்லோரையும் மயக்கிய பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் சோடி சேர்ந்ததும் இலங்கை மேடையில்தான். இருவரும் திருமணம் செய்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், காதல் கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

அதன் பின் அவர் வெள்ளைச் சேலைதான் உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் சோடியாக நடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அடங்கி இருக்கவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்த பக்தனின் வேடம் அது. அவருடன் அந்தப் படத்தில் நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் என்ற பெரிய சங்கீத வித்துவான். அந்தப் படத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. 1958இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1980இல் இறக்கும்வரை அவர் பாட்டை மக்கள் விடவில்லை. வெள்ளைச் சேலை கட்டியவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிற அதே சமூகம், இந்த வெள்ளைச் சேலைக்காரியைக் கோயில் திருவிழாவுக்கும் கட்சி மேடைக்கும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியது.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். (ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. அங்கிருந்து கிளிநொச்சி. அங்கேயே காடு வெட்டிக் குடியேறி, கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகள். 2009இல் கணவர் காணாமற்போனார். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, அண்ணன் இருக்கிற அதே பழைய லயத்துக்கு வந்து சேர்ந்தார். தாய் தகப்பன் எந்த இஸ்தோப்பிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்களோ அதே இஸ்தோப்பில் இப்போது இவர் அரிசி புடைக்கிறார்.

அவர் பாட்டே கேட்பதில்லை. ஏன் அக்கா என்றேன்.

"பாட்டுப் போட்டா, இவளுக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லுவாங்க மிஸ்."

லயக் காம்பராவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். தகரம் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். ஒரு பெண் என்ன கேட்கிறாள் என்பதை இருபது வீடு கேட்கிறது. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, இருக்கிறார் என்று சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. சுந்தராம்பாளுக்காவது அழுது முடிக்க ஒரு சாவு இருந்தது. அதனால் "அவரைப் பாருங்கள், அவரைப் போல் இருங்கள்" என்று நான் அந்த அக்காவிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. எல்லோரும் வெள்ளை கட்ட வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. எனக்குக் கேட்டால் விரும்பிய நிறத்தைக் கட்டுங்கள் என்பேன்.

ஒரு நாள் வாசிகசாலையில் கூட்டம் தொடங்குவதற்கு முன் அந்தத் தட்டுகளில் ஒன்றைச் சும்மா போட்டேன். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல், உச்சத்தில் போய் நின்றால் நடுங்காது. பழைய தட்டின் கீறல் சத்தம் வேறு, மழை மாதிரி. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். யார் இது, எப்படி வாழ்ந்தார் என்று சொன்னேன். "அப்ப இந்த அம்மா பாடுனப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்றார். சொல்லியிருப்பார்கள் அக்கா, இவர் பாடினார், என்றேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு வேண்டுகோளோடு வந்தார்: பாட்டு வேண்டும், ஆனால் வார்த்தை இல்லாத பாட்டு. சினிமாப் பாட்டு எது போட்டாலும் அவர் ஞாபகம் வருகிறது, சாமிப் பாட்டுப் போட்டால் சாமியோடு சண்டை பிடிக்கத் தோன்றுகிறதாம்.

அப்படித்தான் வீணைக்கு வந்தோம்.

வீணை தனம்மாள் (1867 – 1938) சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தன் வீட்டிலேயே வாசிப்பார். ஊரில் உள்ள பெரிய வித்துவான்கள் எல்லாம் தரையில் வந்து உட்கார்ந்து, பேச்சு மூச்சில்லாமல் கேட்பார்களாம். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வசதியும் இருக்கவில்லை. அப்படியும் வாசிப்பை விடவில்லை. 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பனி அவருடைய வாசிப்பைப் பதிவு செய்தது. அறுபது வயதைத் தாண்டிய கைகள் அவை. சத்தம் மிக மெல்லியது, பஸ்ஸில் கேட்டால் ஒன்றும் கேட்காது, இரவு எல்லோரும் படுத்த பிறகுதான் கேட்க முடியும். லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் போகாது! அவருடைய பேத்திகள்தான் பாட்டில் பெயர் பெற்ற பிருந்தாவும் முக்தாவும், பரத நாட்டியத்தில் உலகறிந்த பாலசரஸ்வதியும். ஒரு குடும்பத்துப் பெண்கள் இத்தனை பேர்.

பழைய தட்டின் இரைச்சல் பிடிக்காதவர்களுக்கு வீணை ஈ. காயத்ரியின் பதிவுகள் நன்றாகத் துலக்கமாக இருக்கும். புல்லாங்குழல் விரும்பினால் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா இருவரும் வாசித்ததைத் தேடுங்கள். குழல் ஊதுவது ஆண்களின் வேலை என்றிருந்த காலத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஊதினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாதஸ்வரம், தவில் பதிவுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று ஒரு தவில் மேதை இருந்தார், 1975இல் மறைந்துவிட்டார். தமிழ்நாட்டு வித்துவான்களே அவர் கையைப் பார்த்து வியந்தார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஆனால் ஷெல் சத்தத்துக்குள் இருந்து வந்த சகோதரிகள் சிலருக்குத் தவிலின் திடீர் அடி நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. தோட்டத் திருவிழாவில் தப்பும் வெடியும் ஒன்றாகக் கேட்டபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிய ஒரு தாயை எனக்குத் தெரியும். ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிற விடயம் இல்லை அது. யாருக்கு எந்தச் சத்தம் ஒத்துவரவில்லையோ அதைக் கேட்க வேண்டியதில்லை, பலவந்தமாகப் பழக வேண்டியதும் இல்லை. இசை மருந்து என்று பலர் எழுதுகிறார்கள், நான் எழுத மாட்டேன். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக் கணக்கில் இருந்தால் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். வீணை அதற்குப் பிறகு.

விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் கேட்கிற எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தை நாங்கள் கேட்டோம் என்று சொல்ல முடியாது. பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் அது காதில் விழுகிறது, அவ்வளவுதான். 1963இல் இசைத்தட்டாக வந்தது அது. அவருடைய மற்றப் பதிவுகளை ஆறுதலாக இருந்து கேட்டுப் பாருங்கள். பத்து வயதளவில் அவர் பாடிய முதல் இசைத்தட்டுக்கு வீணை வாசித்தவர் அவருடைய தாய் மதுரை சண்முகவடிவு. தேவதாசி மரபில் வந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த குடும்பம். தாயின் பெயரைத் தன் பெயருக்கு முன் எழுத்தாக வைத்துக்கொண்டவர் அவர், 'எஸ்' என்பது சண்முகவடிவு. தகப்பன் பெயர் நிரப்பாத படிவத்தைத் திருப்பி அனுப்புகிற அலுவலகங்களை நினைத்தால் எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும். அந்தப் பெயரோடு அவர் 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார்.

டி.கே. பட்டம்மாள் இன்னொரு வகை. பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடுவது கூடாது என்றிருந்த காலத்தில் ஏறியவர். பல்லவி பாடுவது கணக்கு மிகுந்த வேலை, பெண்களுக்கு அது வராது என்று சொல்லி வைத்திருந்தார்கள். இவர் பாடிக் காட்டி 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் எடுத்தார். பாரதியார் பாடல்களை அவர் குரலில் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும். ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருக்கும் தடை, உயர்ந்த குடும்பம் என்று சொல்லப்பட்டதில் பிறந்தவருக்கும் தடை. காரணங்கள்தான் வேறு வேறு.

பெங்களூர் நாகரத்தினம்மாவின் கதையை நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி பாழடைந்து கிடந்தது. 1920களில் தன் சம்பாத்தியத்தைப் போட்டு அங்கே கோயில் கட்டியவர் அவர். ஆனால் வருடாந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. கோயில் கட்டியவளுக்கே வாய் திறக்க உரிமை இல்லை! அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் கட்சிகள் எல்லாம் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாடுவது வழமையானது. இன்று திருவையாற்றில் ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்த அம்மாவின் பழைய தட்டுகளும் இப்போது கேட்கக் கிடைக்கின்றன.

அதற்கும் முந்தியவர் கோயம்புத்தூர் தாயி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவுகள். மொரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவருடைய தட்டைக் கேட்டு மயங்கி, அதை வைத்தே குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்று ஒரு இசை எழுதினார். கேட்டுப் பாருங்கள், பிருகா ஒவ்வொன்றும் மணி கோர்த்த மாதிரி.

சரி, "இதெல்லாம் மெட்ராஸ் ஐயர்மாரும் யாழ்ப்பாணத்து ஆட்களும் கேட்கிறது, தோட்டத்துக்கு எதற்கு?" என்று ஒரு ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் கேள்வியில் ஞாயம் உண்டு. ஒரு பாடசாலையில் கலைவிழாவுக்குப் பிள்ளை தெரியும்போது லயத்துப் பிள்ளைகளைக் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் விட்டுவிட்டு, டவுன் பிள்ளைகளை மட்டும் கீர்த்தனை பாட நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். கும்மி குறைந்தது என்பதல்ல. எது யாருக்கு என்று முதலிலேயே பிரித்து வைக்கிறார்களே, அதுதான் பிரச்சினை. உண்மையில் இடையில் அவ்வளவு பெரிய மதில் இல்லை. உங்கள் தோட்டத்துக் காவடியில் கேட்கிற சிந்து மெட்டைக் கச்சேரியின் கடைசியில் செஞ்சுருட்டி ராகம் என்று பாடுகிறார்கள். பாம்பாட்டியின் மகுடி மெட்டு புன்னாகவராளி. நீலாம்பரி என்றால் தாலாட்டு. பெரியவர்கள் அவற்றை எங்கிருந்து எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் ஹட்டனிலேயே ஒரு பாட்டுக்காரி இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை. 1930களில் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில், பாரதி பாடல்களையும் தானே கட்டிய பாடல்களையும் அவர் பாடுவார். தெரிந்த மெட்டு, புதிய செய்தி. அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. துரைமாரின் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு பெண் தோட்ட மக்கள் முன்னால் நின்று சம்பளத்தையும் உரிமையையும் பற்றிப் பாடுவதென்றால் சும்மாவா? தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சேகரித்து அச்சில் ஏற்றிய சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களால் வேறு பல பாட்டுகள் தப்பின. ஆனால் புத்தகத்தில் வார்த்தைதான் இருக்கும். பாட்டிமார் எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பது இருக்காது. கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யும் பொத்தானும் அதில் இருக்கிறது. வயதான அம்மாயிமார் வீட்டில் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து, பெயர், தோட்டம், திகதி மூன்றையும் முதலில் வாயால் சொல்லி வையுங்கள். ஒப்பாரியைக் கேட்டுப் பதிகிற நாளில் மட்டும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும், பாடுகிறவருக்கும் உங்களுக்கும்.

கடைசியாக ஒரு தங்கையைப் பற்றி. இவரும் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்தான், கொட்டகலைப் பக்கம் இருக்கிறார். கிளிநொச்சியில் படித்த காலத்தில் சங்கீதம் கற்று, வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் நான்காம் தரம் வரை சித்தியடைந்தவர். 1931இல் தொடங்கிய சபை அது, எத்தனையோ பிள்ளைகள் அதன் பரீட்சை எழுதித்தான் சங்கீத ஆசிரியர்களானார்கள். இவருடைய சான்றிதழ்கள் 2009இல் பதுங்குகுழியோடு போயின. அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மறுபிரதி எடுத்துக் கொடுத்தோம், சங்கீதச் சான்றிதழைப் பற்றி யாருமே அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "அதெல்லாம் ஒரு சாமானா மிஸ்" என்றார்.

இப்போது பின்னேரங்களில் இஸ்தோப்பில் ஆறேழு பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறார். சுருதிப்பெட்டி இல்லை. போனில் இலவசமாகக் கிடைக்கிற தம்புராவைப் போட்டு, சத்தம் பெருகட்டும் என்று வெறும் எவர்சில்வர் வாளிக்குள் வைத்துவிடுகிறார். நன்றாகவே கேட்கிறது! பிள்ளைகளில் இருவர் சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்க இருக்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் முன்பள்ளியிலோ அறநெறிப் பாடசாலையிலோ அவருக்கு ஒரு வேலைக்காவது கேட்டுப் பார்க்கலாம். பரீட்சை எழுதிய வருடம், நிலையம், பாடசாலைப் பெயர் எல்லாம் எழுதி மறுபிரதி கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் முதலாம் தரத்திலிருந்து திரும்ப எழுதத் தயார் என்கிறார், அவருடைய மாணவிகளோடு ஒரே வாங்கில் இருந்து.

உங்களில் யாராவது அதே போல் சங்கீத, நடனச் சான்றிதழ்களை இழந்திருந்தால் விபரங்களை எழுதி இப்பக்கத்துக்கு அனுப்புங்கள், சேர்த்து முயற்சி செய்வோம். மெமரி காட் கொண்டு வருகிறவர்களுக்கு மேலே சொன்ன பதிவுகளை அடுத்த கூட்டத்தில் ஏற்றித் தருகிறேன். டிக்கோயா அக்கா கேட்ட வீணையைத் தனியாக ஒரு காட்டில் போட்டு வைத்திருக்கிறேன், காதில் மாட்டுகிற வயரும் சேர்த்து.